விடைபெறுவோரின் ஊர்

சிவிதாவை விட்டுப் போவது முந்நூறு வருஷத்துக்கு மேலாக நடந்துவரும் காரியம். முதலில் ஆயர் போனார். அவரோடு ஊர் நிர்வாகமும் போயிற்று. பிறகு குடித்தனக்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் போனார்கள். இப்போது தினமும் சாயங்காலம் சுற்றுலாப் பயணிகள் கூட்டங்கூட்டமாகப் போகிறார்கள். போவோரின் முகம்தான் மாறியிருக்கிறது. அன்று போனவர்களால் ஊர் இளைத்தது. இன்று வந்துபோகிறவர்களின் காசில்தான் ஊர் நிற்கிறது. இத்தாலியில் மலையூர்களுக்குப் பஞ்சமில்லை. சியேனா, ஓர்வியேட்டோ, சான் ஜிமிஞானோ என்று அழகில் இதைத் தூக்கிச் சாப்பிடும் ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் விடைபெறுவதையே தன் வரலாறாகவும் வருமானமாகவும் வைத்திருக்கும் இன்னொரு ஊரை நான் பார்த்ததில்லை.

முழுப்பெயர் சிவிதா தி பான்யோரெஜோ. ரோமுக்கு வடக்கே சுமார் 120 கிலோமீட்டர் தூரத்தில், லாட்சியோ மாநிலத்தின் விட்டெர்போ மாவட்டத்தில் இருக்கிறது. ரயிலில் ஓர்வியேட்டோ, அங்கிருந்து பஸ்ஸில் பான்யோரெஜோ, அதன்பின் நடை. பான்யோரெஜோவின் கோடியில், பள்ளத்தாக்கின் விளிம்பில் வந்து நின்றால் எதிரே சிவிதா தெரியும். நாலாபுறமும் செங்குத்தாக அறுந்த ஒரு பாறை, அதன் தலையில் நெருக்கியடித்த பழுப்புநிற வீடுகள், நடுவே ஒரு மணிக்கூண்டு. இந்தக் கரையையும் அந்தப் பாறையையும் சேர்ப்பது ஒற்றை நடைபாலம். இதைத் தவிர உள்ளே போக வேறு சாலை கிடையாது. பாலத்தின் முதல் பாதி இறக்கம் மாதிரி ஏமாற்றும். கடைசிப் பகுதி நெஞ்சைப் பிடிக்கும் ஏற்றம். வெயில் நாளில் போகிறவர்கள் தண்ணீர் பாட்டிலைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. நிழல் என்பதே இல்லை.

இந்த ஊரின் தலையெழுத்தை மண் எழுதியது. அடியில் இருப்பது களிமண். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்தபோது படிந்தது. அதன்மேல், பக்கத்துப் பொல்சேனா ஏரி இருக்கும் வட்டாரத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் விழுந்து இறுகி, டூஃபோ என்கிற மென்பாறையாகியிருக்கிறது. ஈரச் சேற்றின்மேல் அம்மிக்கல்லை வைத்த கதைதான். இருபுறமும் ரியோ கியாரோ, ரியோ தோர்பிதோ என்று இரண்டு ஓடைகள் களிமண்ணை அரிக்கின்றன. மழை கொஞ்சம் கரைக்கிறது. அடி சறுக்கும்போது மேலிருக்கும் பாறை செங்குத்தாகப் பிளந்து, பாளம் பாளமாகப் பள்ளத்தில் விழுகிறது. பாறையோடு அதன்மேல் இருக்கும் சுவரும், கொல்லையும், சில சமயம் வீடும் சேர்ந்து போய்விடும். சுற்றிலும் புல் முளைக்காத களிமண் முகடுகள் கத்தி விளிம்புகளாக நிற்கின்றன. அவற்றுக்கு இத்தாலியில் கலாங்கி என்று பெயர். பார்க்க அழகு. ஊருக்கு அதுவே எமன்.

2,500 வருஷத்துக்கு முன்னால் எட்ருஸ்கர்கள் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமே இந்தச் சரிவுகள்தான். எதிரியால் ஏற முடியாது. டூஃபோவைக் குடைவதும் சுலபம். கல்லறை, நிலவறை, தண்ணீர்த் தொட்டி, மலையின் அடிவயிற்றைத் துளைத்துப் போகும் சுரங்கவழி என்று எல்லாவற்றையும் குடைந்தார்கள். அன்று டைபர் பள்ளத்தாக்கை நோக்கிப் போகும் வழி இந்த ஊருக்குள் புகுந்து போனது என்றால் இன்று யாரும் நம்ப மாட்டார்கள். இன்று ஊரின் மறுகோடிக்கு அப்பால் இருப்பது பள்ளத்தாக்கு மட்டும்.

இடைக்காலத்தில் இது சாதாரண ஊர் இல்லை. ஆயரின் பேராலயம் இங்கேதான் இருந்தது. நிர்வாகமும் பணக்காரக் குடும்பங்களின் மாளிகைகளும் இங்கேதான். எதிர்க்கரையில் இன்று பான்யோரெஜோ என்று தனி ஊராக இருப்பது அன்று ரோத்தா என்ற பெயரில் இதன் புறநகர். இரண்டையும் ஒரு நிலமுகடு இணைத்திருந்தது. மனிதர்களும் கழுதைகளும் அதன்மேல் சாவகாசமாகப் போய்வந்தார்கள். 1695 ஜூனில் வந்த நிலநடுக்கம் அந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்கியது. வீடுகள் இடிந்தன, வழி சிதைந்தது. ஆயரும் நிர்வாகமும் எதிர்க்கரைக்கு மாறினார்கள். புறநகர் தலையூராயிற்று, தலையூர் அநாதையாயிற்று.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவர்கள் போனது கூப்பிடு தூரத்துக்கு. கடல்கடந்து போகிறவனுக்கு ஊர் ஒருநாள் கண்ணிலிருந்து மறைந்துவிடும். இவர்களுக்கு அந்த நிம்மதி வாய்க்கவில்லை. காலையில் ஜன்னலைத் திறந்தால் விட்டுவந்த வீடு எதிரே நிற்கும். மழைக்காலம் முடியும்போது அதில் ஒரு மூலை இல்லாமலும் போயிருக்கும். தாத்தா பிறந்த அறை எந்த வருஷம் விழுந்தது என்று பேரனுக்குக் கைகாட்டிச் சொல்லக்கூடிய ஊர் உலகத்தில் எத்தனை இருக்கும்?

அப்படி விழுந்துபோன வீடுகளில் ஒன்றுக்குச் சொந்தக்காரர் உலகப் புகழ் பெற்றவர். புனித பொனவெந்தூர், 13ஆம் நூற்றாண்டில் ஜொவான்னி ஃபிதான்ஸா என்ற பெயரோடு இங்கே பிறந்தவர். இளம் வயதிலேயே ஊரைவிட்டுப் பாரிஸுக்குப் படிக்கப் போனார். 1257இல் பிரான்சிஸ்கன் சபையின் தலைவரானார். 1273இல் கர்தினால் பதவி கிடைத்தது. மறுவருஷம் பிரான்சின் லியோன் நகரில், திருச்சபையின் பொதுச்சங்கம் நடந்துகொண்டிருக்கும்போதே இறந்தார். 1482இல் புனிதர் பட்டம். தாந்தே தன் சொர்க்கக் காண்டத்தில் அவரைப் பேசவைக்கும்போது, பான்யோரெஜோக்காரர் என்று ஊர்பெயரோடுதான் அறிமுகம் செய்கிறார். அவர் வளர்ந்த வீடு இருந்த இடத்தைத் தேடினால் கிடைப்பது வெட்டவெளி. மலைவிளிம்போடு அது எப்போதோ போய்விட்டது. லியோனில் இருந்த அவர் உடலும் தப்பவில்லை, 16ஆம் நூற்றாண்டு மதச்சண்டையில் நாசமானது. அதற்கு முன்பே பிரித்தெடுத்து வெள்ளிப் பேழையில் வைத்த ஒரு கை மட்டும் பான்யோரெஜோ பேராலயத்தில் இருக்கிறது. ஊர் விட்டுப் போனவர்களில் பகுதியாகவாவது திரும்பியவர் என்றால் இவர்தான்.

1695க்குப் பிறகு எல்லாரும் ஒரே நாளில் கிளம்பிவிடவில்லை. வயல் கீழே இருந்தது, ஆலிவ் மரம் இருந்தது, நிலவறையில் திராட்சை ரசப் பீப்பாய் இருந்தது. இதையெல்லாம் விட்டு எங்கே போவது? அதனால் ஏழைகள் தங்கினார்கள், வசதியுள்ளவர்கள் நகர்ந்தார்கள். அடுத்த இரண்டு நூற்றாண்டுகளில் நிலமுகடு தேய்ந்துகொண்டே போய், கடைசியில் பாலம் இல்லாமல் முடியாது என்றாயிற்று. இரண்டாம் உலகப் போரில் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் அந்தப் பாலத்தையும் தகர்த்தன. இன்று நாம் நடக்கும் கான்கிரீட் பாலம் 1965இல் வந்தது. வெளியேறுவதை அந்தப் பாலம் தடுக்கவில்லை. சுலபமாக்கியது என்றே சொல்ல வேண்டும். இத்தாலி முழுக்கத் தொழிற்சாலைகளும் நகரங்களும் கிராமத்து இளைஞர்களை வாரிக்கொண்டிருந்த காலம் அது. தண்ணீரும் விறகும் கழுதைமேல் ஏற்றி வாழும் ஊரில் எந்தப் பிள்ளை உட்கார்ந்திருக்கும்?

அந்தக் காலத்தில்தான் ‘சாகும் ஊர்’ என்ற பெயர் இதற்கு நிலைத்தது. வைத்தவர் பொனவெந்தூரா டெக்கி. பான்யோரெஜோவில் 1896இல் பிறந்த நாவலாசிரியர், ஜெர்மன் இலக்கியப் பேராசிரியர். புனிதரின் பெயரையே தாங்கிய அவர் இதைத் துக்கத்தோடு சொன்னார். தன் ஜன்னலுக்கு எதிரே ஓர் ஊர் சரிவதைப் பார்த்து வளர்ந்தவரின் சொல் அது. 1968இல் அவர் இறந்தார். இன்று அதே சொல் சுற்றுலாக் கையேடுகள், சுவரொட்டிகள், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தப் படங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. சாகும் ஊர் என்பதால்தான் ஜனம் வருகிறது. நாளைக்கு இருக்குமோ இருக்காதோ, இன்றைக்கே பார்த்துவிடுவோம் என்று. ஒருவருடைய ஒப்பாரி இன்னொருவருக்கு விளம்பர வாசகமாவதில் கொஞ்சம் கூச்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அந்த வாசகம்தான் ஊருக்குச் சோறு போடுகிறது என்பதையும் மறைக்க முடியாது.

எல்லாரும் வெளியேறிக்கொண்டிருந்தபோது எதிர்த்திசையில் உள்ளே வந்தவர்களும் உண்டு. ஆஸ்ட்ரா ஸரீனா அவர்களில் முக்கியமானவர். லாட்வியாவின் ரிகாவில் பிறந்து அமெரிக்காவில் படித்த கட்டடக் கலைஞர். கட்டடக்கலைக்கான ரோம் பரிசை 1960இல் வென்றவர். பாழடைந்த வீட்டை வாங்கி, உள்ளூர்க் கொத்தர்களின் பழைய முறையிலேயே சீர்செய்து குடியேறினார். வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர்களை இங்கே அழைத்துவந்து, ஒரு மலையூர் எப்படி வாழ்கிறது என்பதை ஊருக்குள்ளேயே தங்கிப் படிக்கவைத்தார். 2008இல் இறக்கும்வரை அவருக்கும் சிவிதாவுக்கும் தொடர்பு அறவில்லை. அவரைப் பார்த்தும் பார்க்காமலும் ரோமிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் பலர் வீடு வாங்கினார்கள். சுவர்கள் பிழைத்தன. ஆனால் வாங்கியவர்களில் பெரும்பாலோர் வார இறுதிக்கும் கோடைக்கும் வருகிறவர்கள். வருஷம் முழுக்க அடுப்பெரியும் வீடுகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்.

2006இல் உலக நினைவுச்சின்ன நிதியம் அழியும் அபாயத்தில் உள்ள 100 இடங்களின் பட்டியலில் சிவிதாவைச் சேர்த்தது. பாறைக்குள் எஃகுக் கம்பிகளைச் செலுத்திக் கட்டும் வேலைகளும் நடந்தன. இதற்கெல்லாம் பணம்? 2013 ஜூனில் நகராட்சி ஒரு காரியம் செய்தது. பாலத்தில் ஏற ஆளுக்கு ஒன்றரை யூரோ கட்டணம். ஊருக்குள் நுழையவே காசு வாங்கிய முதல் இத்தாலிய ஊர் இதுதான். வெனிஸ் நகரம் பகல் பயணிகளிடம் நுழைவுக் கட்டணம் வாங்கத் தொடங்கியது 2024இல். காசு வைத்தால் கூட்டம் குறையும் என்று நாம் நினைப்போம். நடந்தது வேறு. 2010 வாக்கில் ஆண்டுக்கு 40,000 பேர் வந்த இடத்துக்கு 2017இல் சுமார் எட்டரை லட்சம் பேர் வந்தார்கள். கட்டணமும் ஏறி ஐந்து யூரோவாயிற்று. டிக்கெட் விற்கிறார்கள் என்ற செய்தியே ஊருக்கு ஓர் அந்தஸ்தைக் கொடுத்துவிட்டது. காசு கேட்கிறார்கள் என்றால் உள்ளே ஏதோ இருக்கத்தானே வேண்டும்!

இந்த வருமானத்தால் பான்யோரெஜோ நகராட்சி தன் மக்களுக்கு உள்ளூர் வரிகளையே எடுத்துவிட்டது. சுற்றுலாவைத் திட்டுவது இப்போது நாகரிகமாகிவிட்டது. நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் முந்நூறு வருஷமாகச் சரிவை வேடிக்கை பார்த்த ஒரு வட்டாரத்தில், பிள்ளைகள் பிழைப்புக்கு வெளியே ஓடாமல் சமையலறையிலும் தங்கும் விடுதியிலும் வேலை பார்க்கிறார்கள் என்றால் அதைக் கேவலமாகப் பேச எனக்கு மனசு வரவில்லை. என் குறை வேறு. கட்டணம் ஊரைக் காட்சிசாலையாக நடத்தச் சொல்லிக்கொடுக்கிறது. காட்சிசாலைக்கு மருந்துக்கடை வேண்டாம், பள்ளிக்கூடம் வேண்டாம், மாவுக்கடை வேண்டாம். அதனால் அவை இல்லை. ரொட்டி கிடைக்கும், தட்டில் அலங்கரித்து. ஊசிநூல் வேண்டுமென்றால் பாலத்தைக் கடந்துதான் போயாக வேண்டும்.

ஊரைச் சுற்றிப் பார்ப்பதை வாசலிலிருந்து தொடங்கலாம். சாந்தா மரியா வாயிலின் இருபுறமும் கல் சிங்கங்கள், ஆளுக்கொரு மனிதத் தலையைப் பிடித்திருக்கும். தங்களை அடக்கியாண்ட ஓர்வியேட்டோவின் மொனால்தெஸ்கி குடும்பத்தை ஒருகாலத்தில் இந்த ஊரார் விரட்டியடித்ததன் ஞாபகம் என்பார்கள். வாயிலைத் தாண்டியதும் ஒரு மாளிகையின் முகப்பு. மறுமலர்ச்சிக் காலத்துக் கல் வேலைப்பாடு, மரக்கதவு, மேலே வரிசையாக ஜன்னல்கள். அண்ணாந்து பார்த்தால் ஜன்னலுக்குள் வானம் தெரிகிறது. பின்னால் வீடு இல்லை. அறைகளும் கூரையும் பள்ளத்துக்குப் போய்விட்டன. முகச்சுவர் மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் தெருவைப் பார்த்து நிற்கிறது. கதவு பூட்டியே இருக்கிறது. திறந்து காலை வைத்தால் நேரே கீழேதான்.

இன்னும் கொஞ்சம் நடந்தால் சதுக்கம். கல் பாவாத மண்தரை. பழைய பேராலயமான சான் தொனாத்தோவின் முன்னால் பழங்காலத் தூண்களின் அடித்துண்டுகள் முளைத்தாற்போல் நிற்கின்றன. களைத்தவர்கள் அதன்மேல் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். ஜூன் முதல் ஞாயிறும் செப்டம்பர் இரண்டாம் ஞாயிறும் இந்தச் சதுக்கத்தில் கழுதைப் பந்தயம் நடக்கும், தொன்னா என்று பெயர். சுமை தூக்கிய காலத்தில் கழுதை இல்லாத வீடு கிடையாது. இப்போது சுமை தூக்குவது சிறு மோட்டார் வண்டிகள். பியாஜோவின் ஆப்பே, நம் ஊர்களில் பத்துப் பேரைத் திணித்துக்கொண்டு போகுமே, அதே வகை மூன்று சக்கர வண்டிகள், உணவகங்களுக்கான சரக்கோடு பாலத்தின்மேல் மூச்சுவாங்கி ஏறுகின்றன. கழுதைகள் பந்தயத்துக்கு மட்டும்.

சந்தில் ஒரு நிலவறை உணவகம். டூஃபோவைக் குடைந்த அறையில் செக்குக்கல் கிடக்கிறது, ஒருகாலத்தில் கழுதையைப் பூட்டி ஆலிவ் அரைத்தது. பக்கத்திலேயே தணல். ரொட்டித் துண்டை வாட்டி, சூடு ஆறுமுன் பச்சைப் பூண்டைத் தேய்க்க வேண்டும். சொரசொரப்பான ரொட்டியில் பூண்டு பாதி கரைந்துவிடும். அதன்மேல் ஆலிவ் எண்ணெயைத் தாராளமாக ஊற்றி, கல்லுப்பு தூவுகிறார்கள். அவ்வளவுதான் புருஸ்கெத்தா. வயலுக்குப் போகிறவன் காய்ந்த ரொட்டியை வீணாக்காமல் இருக்கச் செய்துகொண்ட பண்டம். இப்போது அதற்கு இருக்கும் விலையைக் கேட்டால் அந்த உழவன் மயங்கி விழுவான். ருசியில் குறை சொல்ல முடியாது.

சாயங்காலம் கிளம்பும் கூட்டத்தோடு நானும் பாலத்தில் இறங்கினேன். எல்லாரும் நடுப்பாலத்தில் நிற்கிறார்கள், திரும்புகிறார்கள், போனை உயர்த்துகிறார்கள். அன்று ஊரைவிட்டுப் போனவன் இப்படித் திரும்பிப் பார்க்க மெனக்கெட்டிருக்க மாட்டான்; அவன் கையில் சுமை இருந்திருக்கும், வழி மோசம். எதிர்க்கரைக்குப் போனபின் பார்த்துக்கொள்ள ஆயுசு முழுக்க நேரம் இருந்தது. நமக்குப் பஸ் இருக்கிறது. எனக்கு முன்னால் நின்ற குடும்பத்தில் ஒரு பெண், அந்த மணிக்கூண்டு படத்தில் முழுசாக விழவில்லை என்று கணவனைத் திரும்பத் திரும்ப எடுக்கவைத்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்து மூன்று சக்கர வண்டி ஹாரன் அடித்தது. காலிப் பாட்டில் பெட்டிகளோடு அதுவும் வெளியேறிக்கொண்டிருந்தது.

பாலக் கட்டண வருமானம் எவ்வளவு லேசான நூலில் தொங்குகிறது என்பது 2020 மார்ச்சில் தெரிந்தது. இத்தாலி முழுக்க ஊரடங்கு வந்தபோது பாலத்தில் டிக்கெட் வாங்க ஆளில்லை. களிமண் மட்டும் அதன் வேலையை நிறுத்தவில்லை. ஊருக்குள் நிலச்சரிவுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு; பாறைக்கும் களிமண்ணுக்கும் நடக்கும் இழுபறியைப் படமும் மாதிரியும் வைத்து விளக்குகிறது. சுற்றுலா வருகிறவர்களில் பாதிப் பேர் அதைக் கவனிக்காமலேயே சதுக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். போகிறவர்கள் அரைமணி நேரமாவது அங்கே செலவிடலாம். அதன்பின் அந்த முகப்பு மாளிகையைப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும்.

சான் தொனாத்தோ கோயிலில் 15ஆம் நூற்றாண்டு மரச்சிலுவை ஒன்று இருக்கிறது. பெரிய வெள்ளியன்று அதை இறக்கி, பாலம் கடந்து பான்யோரெஜோவுக்கு எடுத்துப்போய், பவனியில் சேர்க்கிறார்கள். நள்ளிரவுக்குள் அது சிவிதாவுக்குத் திரும்பிவிட வேண்டும், தவறினால் பான்யோரெஜோவே வைத்துக்கொள்ளலாம் என்பது பேச்சு வழக்கில் இருந்துவரும் ஒப்பந்தம். ஆயர், நிர்வாகம், பேராலயம், ஜனம் என்று எல்லாவற்றையும் எதிர்க்கரைக்குக் கொடுத்துவிட்ட ஊர் இந்த ஒன்றில் மட்டும் கறாராக இருக்கிறது. பவனி நீண்டுவிட்டால் திரும்பும்போது ஏற்றத்தில் தூக்குகிறவர்கள்பாடு திண்டாட்டம்தான். சிலுவை இன்றைக்கும் சான் தொனாத்தோவில்தான் இருக்கிறது.